கலந்த சாயத்தண்ணீருக்கு எது சரி: ஓசோனா, ஃபென்டனா, மின்சாரமா?

சாயப்பட்டறையின் ஈக்வலைசேஷன் தொட்டிக்குள், அதாவது எல்லாக் கழிவுத்தண்ணீரும் வந்து கலக்கும் தொட்டிக்குள், எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தண்ணீருக்கென்று ஒரு நிறம் கிடையாது. காலையில் டர்க்காய்ஸ் லாட் (ஒரே தடவையில் சாயம் போடும் துணித்தொகுதி) இறங்கியிருந்தால் பச்சை சாய்ந்த நீலமாக இருக்கும், மதியம் கருப்பு இறங்கியதும் மை மாதிரி ஆகிவிடும், ராத்திரி ஷிஃப்டில் மெரூனும் மஞ்சளும் வந்து சேர்ந்தால் விடியும்போது கஷாயமாக நிற்கும். இந்தக் கஷாயத்தின் நிறத்தை உடைக்க எந்த முறைக்குப் பணம் போடலாம் என்று திருப்பூர், ஈரோடு பக்கம் பட்டறை நடத்தும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஓசோன் விற்பவர், எலெக்ட்ரோ யூனிட் விற்பவர், பெராக்சைடு விற்பவர் என்று வருகிற எல்லோருமே ஒரு கண்ணாடிக் குவளையில் கருப்புத் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரத்தில் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக்கிக் காட்டிவிடுகிறார்கள். எல்லாமே வேலை செய்கிறது என்றால் எதை வாங்குவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயோ தொட்டியைத் (கிருமிகள் அழுக்கைத் தின்னும் தொட்டி) தாண்டி வந்த தண்ணீருக்கும், ஆர்.ஓ. மெம்பிரேன் என்ற சவ்வு வடிகட்டி ஒதுக்கும் ரிஜெக்டில் சேரும் உப்புத்தண்ணீருக்கும் ஓசோன். தனியாகப் பிடித்து வைத்த, அளவில் குறைந்த, நிறம் முற்றிய டர்க்காய்ஸ் தண்ணீருக்கு ஃபென்டன், அதாவது இரும்பும் பெராக்சைடும் சேர்ந்த முறை. மின்சாரம் விட்டு நிறம் எடுக்கும் எலெக்ட்ரோ முறையை இன்னும் நம்பிக் காசு போட மாட்டேன், புற ஊதா விளக்கும் டைட்டானியம் டைஆக்சைடும் நம் தண்ணீருக்கு ஒத்துவராது. சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்டாக வேலை பார்த்து, சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டு வந்து சேர்ந்த முடிவு இது. ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

திருப்பூரில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களை விட வேறு மாதிரி இருப்பதற்கு நொய்யல் ஆறுதான் காரணம். சாயக்கழிவு ஆற்றில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே பாசனம் செய்த விவசாயிகளின் கிணறும் நிலமும் உப்பாகிப் போனதால் அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றது, 2009-ல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பக்கமே நின்றது, அப்படியும் சரியாகாமல் 2011 ஜனவரியில் சாய ஆலைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த மாதங்களை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு திறந்த ஒவ்வொரு நிலையமும் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது எதையும் வெளியே விடாத முறையில்தான் ஓட வேண்டும். தண்ணீர் ஆர்.ஓ. வழியாகவும், உப்பு எவாப்பரேட்டர் (தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பது) வழியாகவோ நிறம் நீக்கிய பிரைனாகவோ (உப்புக்கரைசல்), மறுபடி சாய மெஷினுக்கே திரும்ப வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. முதலாவது, ஓசோன், ஃபென்டன் மாதிரி எந்த ஆக்சிஜனேற்ற முறையும் உப்பைத் தொடாது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. நூறு கிலோ துணியை 1:8 லிக்கரில் (ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர்) சாயம் போட்டால் 800 லிட்டர் தண்ணீர், அடர்ந்த ஷேடுக்கு லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்று வைத்தால் 56 கிலோ உப்பு. ஓசோன் போட்டாலும் பெராக்சைடு போட்டாலும் அந்த 56 கிலோ அப்படியேதான் இருக்கும். ஆகவே "இந்த மெஷின் வாங்கினால் ஆர்.ஓ. தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இரண்டாவது விஷயம் எனக்கு அதைவிட முக்கியமானது. தண்ணீர் வெளியே போவதில்லை, நம்மிடமே திரும்பி வருகிறது. அதனால் நிறத்தை எடுக்க நாம் ஊற்றிய மருந்தின் மிச்சமும் கூடவே திரும்பி வந்து மெம்பிரேனிலும், அடுத்த லாட்டின் ஷேடிலும் உட்காரும்.

சரி, கொஞ்சம் வேதியியல். இந்த முறைகளில் பெரும்பாலானவை நம்புகிற ஆயுதம் ஹைட்ராக்சில் ராடிக்கல், அதாவது தண்ணீரில் கணநேரம் உண்டாகி, எதிர்ப்பட்டதோடு வினைபுரிந்து மறையும் துண்டு. ஆக்சிஜனேற்றத் திறனை வோல்ட்டில் சொல்வார்கள்: குளோரின் 1.36, பெராக்சைடு 1.78, ஓசோன் 2.07, ஹைட்ராக்சில் ராடிக்கல் 2.8. இந்த ராடிக்கல் கிடைத்ததை எல்லாம் கடித்துவிடும், சாயமா சோப்பா என்று பார்க்காது. அந்தப் பார்க்காத குணம்தான் பிரச்சினையும். ரிஆக்டிவ் சாயத்தை நூலோடு பிடிக்க வைக்கச் சோடா ஆஷ் போடுகிறோம் இல்லையா, அந்தக் கார்பனேட்டும் ராடிக்கலைத் தின்னும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 சதவீத ஷேடு (துணி எடையில் 4 சதவீதம் சாயம்), 1:8 லிக்கர் என்றால் தொட்டியில் லிட்டருக்கு 5 கிராம் சாயம். முக்கால் பங்கு நூலில் பிடித்துக்கொண்டால் மீதி 1.25 கிராம். சோடா ஆஷ் லிட்டருக்கு 20 கிராம். இரண்டும் ராடிக்கலோடு வினைபுரியும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், உண்டாகும் பத்து ராடிக்கலில் ஒன்பது கார்பனேட்டிடம் போய்விடுகிறது, ஒன்றுதான் சாயத்துக்கு. சாயத்தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீரில் நேராக இந்த முறைகளை ஓட்டினால் செலவு ஏன் எகிறுகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். கறியுப்பு போடும் பட்டறை என்றால், அமிலத்தில் ஓட்டும்போது குளோரைடும் பங்குக்கு வரும். கிளாபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) போடுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. எந்த உப்பு என்று கேட்காமல் விலைப்பட்டியல் கொடுக்கிறவரிடம் கவனமாக இருங்கள்.

கலந்த சாயம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு சாயத்தை, அதுவும் மெத்திலீன் புளூவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து 98 சதவீதம் உடைந்தது என்று எழுதியிருப்பார்கள். மெத்திலீன் புளூவில் பனியன் துணிக்கு யாரும் சாயம் போடுவதில்லை. நம் தொட்டியில் இருப்பது பிளாக் பி மாதிரி அசோ சாயங்கள், ப்ளூ ஆர் மாதிரி ஆந்த்ராகுயினோன் சாயங்கள், செம்பை நடுவில் வைத்திருக்கும் டர்க்காய்ஸ் எல்லாம் சேர்ந்தது. ஒரே ராடிக்கலுக்கு எல்லாம் போட்டி போடுகின்றன. தனித்தனியாக ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தில் உடைந்தது என்பதால் கலவையும் பத்து நிமிடத்தில் உடையும் என்று நினைக்கக்கூடாது. அசோ இணைப்பு பொதுவாக முதலில் அறுந்துவிடும், டர்க்காய்ஸ் கடைசிவரை நின்று பார்க்கும். கலவை கருப்பிலிருந்து பச்சையாகி, பச்சையிலிருந்து வெளிர் மஞ்சளாகி அங்கே நின்றுகொள்ளும். அந்த மஞ்சள் பாதி உடைந்த துண்டுகளின் நிறம்.

அளக்கும்போதும் ஏமாறுவது இங்கேதான். பிளாக் பி 597 நானோமீட்டர் பக்கத்தில் உச்சத்தில் உறிஞ்சும். அந்த ஒரு இடத்தில் மட்டும் அளந்தால் 95 சதவீதம் போய்விட்டது என்று ரிப்போர்ட் வரும், ஆனால் குவளையைக் கையில் எடுத்தால் டீத்தண்ணீர் மாதிரி இருக்கும். ஐ.எஸ்.ஓ. 7887 முறை 436, 525, 620 என்று மூன்று இடத்தில் அளக்கச் சொல்கிறது, அதாவது மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் பிடிக்கிற மாதிரி. ஜெர்மனியில் ஜவுளிக் கழிவுநீருக்கு வைத்த வரம்பும் இந்த மூன்றுக்கும் தனித்தனியாகத்தான் இருக்கிறது: ஒளியை உறிஞ்சும் அளவு மீட்டருக்கு 7, 5, 3. டெமோ காட்ட வருகிறவரிடம் இந்த மூன்று எண்ணையும், போடுவதற்கு முன்பு, போட்ட பின்பு என்று எழுதி வாங்குங்கள்.

இனி ஒவ்வொரு முறையாக வருவோம்.

ஃபென்டன் பழைய முறை. 1894-ல் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் டார்டாரிக் அமிலத்தில் இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று எழுதியது, பிற்காலத்தில் கழிவுநீருக்கு வந்தது. வேண்டியது அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்), பெராக்சைடு, அமிலம், ஒரு கலக்கித் தொட்டி. மெஷின் செலவு மிகக் குறைவு. பெராக்சைடு பிளீச்சிங் செய்கிற எந்தப் பட்டறையிலும் இருக்கிறது, ஆட்களுக்குக் கையாளத் தெரியும். டர்க்காய்ஸையும் உடைக்கும். ஆரம்பத்தில் எனக்கு ஃபென்டன் மேல்தான் மதிப்பு அதிகமாக இருந்தது.

ஆனால் அது வேலை செய்ய பி.எச். 3 பக்கத்தில் இருக்க வேண்டும். 4-ஐத் தாண்டினால் இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிந்து வினை நின்றுவிடும். நம் சாயத்தண்ணீர் பி.எச். 11-ல் இறங்குகிறது. லிட்டருக்கு 20 கிராம் சோடா ஆஷை முறிக்க மட்டும் லிட்டருக்கு 18.5 கிராம் சல்ஃப்யூரிக் அமிலம் வேண்டும். நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் என்றால் 185 கிலோ அமிலம், அதுவும் நுரைத்துப் பொங்கிக்கொண்டு. அந்த அமிலம் லிட்டருக்கு சுமார் 27 கிராம் சோடியம் சல்ஃபேட்டாக மாறி எவாப்பரேட்டரின் தலையில் ஏறும். வினை முடிந்ததும் மறுபடி பி.எச். ஏற்ற வேண்டும். விலை குறைவு என்று சுண்ணாம்பு போட்டால் கால்சியம் கூடி ஆர்.ஓ. மெம்பிரேனில் ஜிப்சம் படியும், காஸ்டிக் போட்டால் இன்னும் உப்பு.

அப்புறம் கசடு. அன்னபேதியில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு. பத்து கிலோ அன்னபேதி போட்டால் கிட்டத்தட்ட 4 கிலோ காய்ந்த இரும்பு ஹைட்ராக்சைடு, ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து எடுத்தாலும் ஈரத்தோடு 12, 13 கிலோ வரும். சாயக்கசடு அபாயக் கழிவுப் பட்டியலில் வருவது, குப்பையில் கொட்ட முடியாது, மூட்டை கட்டி அடுக்கிவைத்துப் பதிவேட்டில் எழுதி, சிமென்ட் ஆலைக்கோ பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பிடத்துக்கோ பணம் கொடுத்து அனுப்ப வேண்டும். கசடு மூட்டைகளுக்கு நடுவே நடந்துதான் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்த நிலையங்களைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் இருக்கும் பெராக்சைடு ஒரு தனித் தொல்லை. சி.ஓ.டி. பரிசோதனையில் (தண்ணீரிலுள்ள அழுக்கை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளப்பது) அது பொய்க் கணக்குக் காட்டும், ஒரு கிராம் பெராக்சைடு சுமார் 0.47 கிராம் சி.ஓ.டி. மாதிரி தெரியும். வினை நன்றாக நடந்தும் ரிப்போர்ட் மோசமாக வந்ததால் மேலும் மேலும் பெராக்சைடு ஊற்றிய ஆளை எனக்குத் தெரியும். கசடைத் தெளிய வைக்கும்போது மிச்சப் பெராக்சைடு குமிழி விட்டுக் கசடைக் கீழே உட்கார விடாமல் மேலே தூக்கும். அது பிரைனோடு திரும்பிச் சாயத்தொட்டிக்கு வந்தால் ரிஆக்டிவ் சாயத்தையே தின்னும். பிளீச்சிங் முடிந்ததும் எதற்காகப் பெராக்சைடு கில்லர் போடுகிறோம் என்று டையிங் மாஸ்டரைக் கேட்டால் இரண்டே வரியில் சொல்லிவிடுவார். அந்தக் கில்லர் என்சைமை இங்கேயும் பயன்படுத்தலாம், பி.எச்.-ஐ நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகு. இரும்பின் மிச்சம் அதைவிட மோசம். பிளீச்சிங் தொட்டிக்கு இரும்புத் துளி போனால் பெராக்சைடு அந்த இடத்தில் மட்டும் வெறிகொண்டு வேலை செய்து துணியில் ஊசித்துளை விழும்.

இத்தனையும் சொல்லிவிட்டு டர்க்காய்ஸுக்கு ஏன் ஃபென்டன் என்கிறேன்? டர்க்காய்ஸ் ஜி மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு செம்பு அணு உட்கார்ந்திருக்கிறது. செம்பைச் சுற்றியுள்ள வளையத்தை உடைத்தால் அந்தச் செம்பு தண்ணீருக்குள் விடுதலையாகும். ஓசோனோ மின்சாரமோ உடைத்தால் செம்பு தண்ணீரிலேயே நின்று பிரைனோடு சுற்றிவந்து அடுத்தடுத்த லாட்டின் ஷேடை மங்க வைக்கும். ஃபென்டனில் பி.எச். ஏற்றும்போது இரும்பு ஹைட்ராக்சைடு செம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். டர்க்காய்ஸுக்கு நூலில் பிடிப்பும் குறைவு, தொட்டியில் நிறைய மிஞ்சும். அந்த லாட்டின் வடிகாலை மட்டும் தனிக் குழாயில் பிடித்தால் ஒரு நாளைக்குச் சில ஆயிரம் லிட்டர்தான் வரும். அந்த அளவுக்கு அமிலமும் கசடும் தாங்கக்கூடிய செலவு. தொட்டி முழுவதற்கும் ஃபென்டன் என்றால் தாங்காது.

ஓசோனுக்கு வருவோம். ஓசோன் இரட்டைப் பிணைப்பைத் தேடிப்போய் வெட்டுகிற மாதிரி வேலை செய்யும், அதனால் நிறம் வேகமாகப் போகும், மொத்தக் கார்பன் பெரிதாகக் குறையாது. இதை ஒரு குறையாகச் சொல்வார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு கிலோ சி.ஓ.டி.-யை ஓசோனை வைத்தே தீர்க்க வேண்டும் என்றால், ஓசோனின் மூன்று ஆக்சிஜனில் ஒன்றுதான் உதவுகிறது என்று வைத்து, 3 கிலோ ஓசோன். ஆக்சிஜன் ஊட்டி ஓசோன் செய்தால் கிலோவுக்கு சுமார் 10 யூனிட், ஆக 30 யூனிட் மின்சாரம், குளிரூட்டலும் ஆக்சிஜனும் தனி. பெராக்சைடு வழியில் என்றால் 50 சதவீதச் சரக்கு 4 கிலோவுக்கு மேல். மின்வேதியியலில் ஃபாரடே விதிப்படி ஒரு சொட்டும் வீணாகாமல் போனாலே 5 வோல்ட்டில் 17 யூனிட், நடைமுறையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பயோ தொட்டியில் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜனைத் தண்ணீரில் கரைத்துவிடலாம், மீதியைக் கிருமிகள் பார்த்துக்கொள்ளும். சி.ஓ.டி.-யைக் கிருமிகளிடம் விட்டுவிட்டு, அவற்றால் முடியாத நிறத்துக்கு மட்டும் இந்த விலையுயர்ந்த ஆயுதத்தை எடுப்பதே சரி. என் வாதம் முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

பயோவைத் தாண்டி வந்த தண்ணீர் ஓசோனுக்கு எல்லா வகையிலும் தோதானது. சூடு ஆறியிருக்கும் (கொதிக்கிற தண்ணீரில் ஓசோன் கரையாது, கரைந்தாலும் நிற்காது), சோப்பும் சாஃப்ட்னரும் கிருமிகளுக்கு இரையாகியிருக்கும், பி.எச். நடுநிலையில் இருக்கும். ஒரு கன மீட்டருக்கு 100 கிராம் ஓசோன் தேவைப்பட்டால் ஓசோன் செய்ய ஒரு யூனிட், ஆக்சிஜன் பிரிக்கிற மெஷினும் சில்லரும் சேர்த்து ஒன்றரை, இரண்டு யூனிட் என்று என் கணக்கு வருகிறது. கசடு இல்லை, உப்பு அதிகமாகாது, அமிலம் வாங்க வேண்டாம். மிச்ச ஓசோன் தானாகவே ஆக்சிஜனாகிவிடும். ஆர்.ஓ. ரிஜெக்டின் உப்புத்தண்ணீரில் நிறம் செறிந்து அளவு குறைந்து கிடப்பதால் அங்கே ஓட்டுவதும் நல்லது, அந்தப் பிரைனை எவாப்பரேட்டருக்கு அனுப்பாமல் நேராகச் சாய மெஷினுக்கு அனுப்ப முடிந்தால் நீராவிச் செலவு மிச்சம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மிச்சமே இல்லை என்று விற்பவர்கள் சொல்வது முழு உண்மை இல்லை. கடலிலிருந்து எடுத்த உப்பில் கொஞ்சம் புரோமைடு இருக்கும், ஓசோன் அதை ஹைப்போபுரோமைட்டாகவும் பிறகு புரோமேட்டாகவும் மாற்றும், அந்த ஹைப்போபுரோமைட்டும் ஓர் ஆக்சிஜனேற்றிதான். கறியுப்பு போடும் பட்டறைகளில் ஓசோன் முடிந்த பிரைனை ஸ்டார்ச் அயோடைடு பேப்பர் (ஆக்சிஜனேற்றி மிச்சம் இருந்தால் நீலமாகும்) வைத்துப் பார்க்காமல் அனுப்பக்கூடாது, ஆர்.ஓ.-வுக்கு முன்னால் என்றால் மிச்சத்தை முறிக்கும் பைசல்ஃபைட் டோசிங் கட்டாயம், ஏனென்றால் பாலிஅமைடு மெம்பிரேன் இந்த மிச்சங்களைத் தாங்காது. ஓசோனுக்கு 316 எல் ஸ்டீல் போதும் என்பார்கள், குளோரைடு நிறைந்த உப்புத்தண்ணீரில் அந்த ஸ்டீலும் குழிகுழியாக அரிக்கும், சாதாரண ரப்பர் வாஷர் பொடிந்து போகும். பாதுகாப்பும் விளையாட்டில்லை. வேலை இடக் காற்றில் 0.1 பி.பி.எம். என்பதுதான் எல்லை, 5 பி.பி.எம். உயிருக்கே ஆபத்தான அளவு, காற்றை விடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தங்கும். மிச்ச ஓசோனை அழிக்கும் டிஸ்ட்ரக்டரும் காற்றில் ஓசோனை அளக்கும் மானியும் விலையிலிருந்து கழித்துக்கொள்ளும் பொருட்கள் கிடையாது. ராத்திரி ஷிஃப்டில் தனியாக நிற்கும் ஆபரேட்டரை மனதில் வைத்து அந்த இரண்டையும் வாங்குங்கள்.

எலெக்ட்ரோ முறையைப் பார்த்தால் நமக்கென்றே செய்த மாதிரி தோன்றும். மின்சாரம் ஓட உப்பு வேண்டும், நம் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியத் தகடுகளை இறக்கிக் கரண்ட் விட்டால் போதும், சில நிமிடங்களில் கருப்பு வெள்ளையாகிவிடும். நான் இருந்த ஓர் இடத்தில் இதை நம்பி ஒரு யூனிட் போட்டோம். முதலாளி குவளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கலர் சுத்தமா போயிருச்சுங்க, அப்புறம் என்னங்க யோசனை? நாளைக்கே லாட்டுக்கு எடுத்துக்கலாமுங்க" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தப் பிரைனில் அடுத்த நாள் போட்ட வெளிர் ரோஸ் லாட் முழுவதும் ஷேடு இறங்கிப்போனது. ஸ்டார்ச் அயோடைடு பேப்பரை அப்போதுதான் வைத்துப் பார்த்தேன், தொட்டவுடனே கருநீலமானது. நிறத்தை எடுத்தது ராடிக்கல் இல்லை, உப்பிலிருந்து உண்டான குளோரின். நாங்கள் ஒரு விலையுயர்ந்த ஹைப்போ (குளோரின் பிளீச்) மெஷினைத்தான் வாங்கியிருந்தோம். அந்த லாட்டை மறுபடி சாயம் ஏற்றி வேறு ஷேடாக்கிய பிறகு, பிரைனில் பைசல்ஃபைட் போட்டுப் பார்த்தோம், அடுத்த லாட் பிழைத்தது, ஆனால் குளோரின் சாயத்துண்டுகளோடு சேர்ந்து உண்டாக்கும் ஆர்கனோகுளோரின் சேர்மங்களை எந்தப் பைசல்ஃபைட்டும் எடுக்காது. குளோரேட்டும் அப்படித்தான். மூடிய சுற்றில் ஓடும் தண்ணீரில் அவை கூடிக்கொண்டே போகும் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஹைப்போவை நேராக ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கிளாபர் உப்பு ஓட்டும் பட்டறையில் குளோரின் உண்டாகாது, ஆனால் அந்தச் சாதாரணத் தகடு அங்கே பெரிதாக வேலையும் செய்யாது. போரான் கலந்த வைரத் தகடு வேண்டும். அது உண்மையிலேயே ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தரும், நல்ல பொருள், விலை இன்று நம் கைக்கு எட்டாதது. எட்டும் விலைக்கு வந்தால், கிளாபர் உப்பு மட்டும் பயன்படுத்தும் நிலையங்களுக்கு என் முடிவை மாற்றிக்கொள்வேன்.

பெர்சல்ஃபேட்டையும் சிலர் கேட்கிறார்கள். மற்ற ஊர்களில் அது தண்ணீரில் சல்ஃபேட்டைக் கூட்டுவது குறை. நம் கதையில் அந்தச் சல்ஃபேட்டைக் காஸ்டிக் போட்டு நடுநிலையாக்கினால் கிளாபர் உப்பாகவே ஆகிவிடுகிறது, 238 கிராம் சோடியம் பெர்சல்ஃபேட் 284 கிராம் சோடியம் சல்ஃபேட்டாகி வரும், அதை உப்புக் கணக்கிலேயே வரவு வைக்கலாம். சூடாக இருந்தால் தானாகவே கிளர்ந்து வேலை செய்யும் என்பதும் சாதகம், நம் தண்ணீர் சூடாகத்தானே வருகிறது. ஆனால் பெராக்சைடை விட விலை அதிகம், மிச்சம் நின்றால் எளிதில் போகாது. சிறிய அளவில் முயன்று பார்க்கலாம், நிலையத்துக்கு முதுகெலும்பாக வைக்க முடியாது.

புற ஊதா விளக்கும் பெராக்சைடும் சேர்ந்த முறை குடிநீருக்கு நல்லது. நம் தண்ணீரில் விளக்கின் ஒளி ஒரு சென்டிமீட்டர்கூடப் போகாது, சாயமே அதை விழுங்கிவிடும், பெராக்சைடுக்கோ அந்த ஒளியை உறிஞ்சும் திறன் இயல்பிலேயே குறைவு. விளக்குக் குழாயில் படியும் படிவத்தைத் துடைப்பதும் தனி வேலை. டைட்டானியம் டைஆக்சைடு 1972-ல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியால் தண்ணீரைப் பிளந்து காட்டியதிலிருந்து ஆராய்ச்சியாளர்களின் செல்லப்பிள்ளை, ஆனால் அதற்கு 387 நானோமீட்டருக்குக் கீழான ஒளி வேண்டும், வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான், ராத்திரி ஷிஃப்டுக்கு அதுவும் இல்லை, பொடியைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிக்கவும் வேண்டும். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மெத்திலீன் புளூவை விட்டுவிட்டு, பிளாக் பி, ஒரு சிவப்பு, டர்க்காய்ஸ் மூன்றையும் கலந்து, லிட்டருக்கு 60 கிராம் உப்பும் 20 கிராம் சோடா ஆஷும் போட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். எண் குறைவாக வரும், ஆனால் அந்த எண் எங்களுக்கு உதவும்.

யாருக்கு எது என்று பார்த்தால், பொது நிலையத்துக்குக் குழாய் கொடுத்திருக்கும் சின்னப் பட்டறைகள் இதில் எதையும் வாங்க வேண்டியதில்லை. சாயத்தொட்டித் தண்ணீரையும் அலசல் தண்ணீரையும் தனித்தனி வடிகாலில் பிரித்து விடுவதும், டர்க்காய்ஸ் லாட்டுகளை ஒரே நாளில் சேர்த்து ஓட்டுவதும் அவர்களால் காசில்லாமல் செய்ய முடிந்த பெரிய உதவி. சொந்த நிலையம் வைத்திருப்பவர்கள் முதலில் பயோ தொட்டியைச் சரியாக ஓட்டுகிறோமா என்று பார்க்க வேண்டும். அது சரியில்லாத இடத்தில் ஓசோன் வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது மாதிரி, கிருமி தின்ன வேண்டியதை எல்லாம் ஓசோன் தின்று தீர்க்கும். பாதி உடைந்த சாயத்துண்டுகள் சில நேரம் சாயத்தை விட நச்சாக இருக்கும், அதனால் ஃபென்டன் முடிந்த டர்க்காய்ஸ் தண்ணீரை நேராக ஆர்.ஓ.-வுக்கு அனுப்பாமல் பயோ தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள், பெராக்சைடு மிச்சம் இல்லை என்று பேப்பர் வைத்துப் பார்த்த பிறகு. இல்லாவிட்டால் கிருமிகளும் சேர்ந்து செத்துப்போகும்.

வாங்குவதற்கு முன் டெமோ கேளுங்கள், குவளை டெமோவோடு நிறுத்தாதீர்கள். திங்கட்கிழமை காலைத் தண்ணீர் ஒன்று, டர்க்காய்ஸ் ஓடிய நாளின் தண்ணீர் ஒன்று, கருப்பு மட்டும் ஓடிய ராத்திரியின் தண்ணீர் ஒன்று என்று மூன்று கேன் உங்கள் கையால் பிடித்துக் கொடுங்கள். நிறம் எடுத்த பிரைனைத் திரும்ப வாங்கி, உங்கள் லேபிலேயே அதில் ஒரு வெளிர் ரோஸ், ஒரு ஸ்கை புளூ போட்டுப் பாருங்கள், பக்கத்தில் புது உப்பில் போட்ட அதே ஷேடையும் வைத்துக்கொண்டு. அடர்ந்த ஷேடில் எந்தத் தப்பும் தெரியாது. வெளிர் ஷேடு மூன்று தண்ணீரிலும் லைட் பாக்ஸில் ஒத்துப்போனால் அதற்கப்புறம் விலை பேச உட்காருங்கள்.